ஆடி மாதத்தில் ஒரு கலைவிழா: ஜார்ஜ்டவுனில் எது எந்த விழா?

ஜூன் முடிவதற்குள் மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிடும். ஒன்றில் 'பாரம்பரியக் கொண்டாட்டம்' என்றிருக்கும், இன்னொன்றில் 'ஜார்ஜ்டவுன் விழா' என்றிருக்கும். கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி வரும் சொந்தக்காரர்கள் ஒன்றை நினைத்துக் கிளம்பி இன்னொன்றில் வந்து நிற்பார்கள். எல்லாம் இலவசம் என்று கேள்விப்பட்டவர் கட்டண நாடகத்தின் வாசலில் நிற்பார். சுவரோவியங்களை விழா முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்று நம்பி அவசரமாக ஓடி வருபவர்களும் உண்டு.

இதற்கு விளம்பரக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த நகரத்தில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் ஒன்றும் அச்சடிக்காத நாள்காட்டி ஒன்றும் ஒரே தெருவில் ஓடுகின்றன. முதலாவதைப் புரிந்துகொள்ள 2008க்குப் போக வேண்டும். இரண்டாவதுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும்.

ஜூலை 7 ஏன் விடுமுறை?

2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. 'மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள்' என்று இரண்டுக்கும் ஒரே பதிவு. அதனால்தான் பினாங்கு மாநிலத்தில் அந்த நாள் பொது விடுமுறை.

பட்டியலில் ஏறியது பினாங்குத் தீவு முழுவதும் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரத்தில் 109.38 ஹெக்டேர் மையப் பகுதி, அதைச் சுற்றி 150.04 ஹெக்டேர் காப்புப் பகுதி, அவ்வளவுதான். மையப் பகுதி சுமார் 270 ஏக்கர். நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த பெரிய ரப்பர் தோட்டங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலைக்குக் கூடக் காணாது. அரை மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம். லிட்டில் இந்தியா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் அதற்குள்தான்.

யுனெஸ்கோ சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். வணிகத்துக்கு வந்து கலந்த மக்கள், அவர்கள் இன்னும் விடாமல் செய்துவரும் வழிபாடும் தொழிலும் விழாவும், அந்தக் கலப்பிலிருந்து பிறந்த கட்டடங்கள் என மூன்றும் சேர்ந்ததற்குத்தான் அங்கீகாரம். கட்டடம் நின்று ஆள் போய்விட்டால் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்து கிளம்புகின்றன.

மூன்று விழா, மூன்று வகை

1. பாரம்பரியக் கொண்டாட்டம். ஜூலை 7ஐ ஒட்டி வருவது. பாரம்பரியப் பகுதியைக் கவனிக்க 2010இல் மாநில அரசு அமைத்த ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பது. சமூகங்கள் தங்கள் சமையல், விளையாட்டு, சடங்கு, கைத்தொழில் ஆகியவற்றைத் தாங்களே காட்டும் இடம் இது. பெரும்பாலும் தெருவில் நடக்கும்; கட்டணம் கேட்க மாட்டார்கள்.

2. ஜார்ஜ்டவுன் விழா. 2010இல் தொடங்கியது. நிறுவன இயக்குநர் ஜோ சிடேக். நாடகம், நடனம், இசை, கண்காட்சி என்று உள்ளூர்க் கலைஞர்களோடு வெளிநாட்டுக் கலைஞர்களும் வருவார்கள். தெருவில் சும்மா பார்க்கக்கூடியவையும் உண்டு, டிக்கெட் வாங்க வேண்டியவையும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாதம் போல ஓடியது, பிறகு நாள் குறைந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் இடையே நகரும். போன வருஷத் தேதியை நம்பி விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள்.

3. ஜார்ஜ்டவுன் இலக்கிய விழா. 2011 முதல் நடப்பது, நவம்பர் வாக்கில் வருவது. 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் சிறந்த இலக்கிய விழாவுக்கான விருது இதற்குக் கிடைத்தது. பெயரில் ஜார்ஜ்டவுன் இருப்பதால் ஜார்ஜ்டவுன் விழாவின் ஒரு பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். இது தனி.

முதலாவதில் ஒரு சமூகம் தன்னிடம் இருப்பதைக் காட்டுகிறது. இரண்டாவதில் ஒரு கலைஞர் புதிதாக ஒன்றைச் செய்து காட்டுகிறார். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழர் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

காலியான வீடுகள் மேடையான கதை

ஜார்ஜ்டவுன் விழாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அரங்கங்களைவிட நகரம்தான். கடைவீட்டுக்குள் நாடகம், சந்தில் நடனம், பழைய கிடங்கில் கண்காட்சி. பெரிய ஊர்களில் கோடி கொட்டினாலும் கிடைக்காத இடங்கள் இங்கே ஏன் காலியாகக் கிடந்தன?

விடை வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர்த்த விடாமல் பிடித்து வைத்திருந்தது. வீட்டுக்காரருக்கு வருமானம் இல்லாததால் பழுதுபார்க்கவில்லை. இடித்துப் புதிதாகக் கட்டுவதும் சுலபமாக இல்லை. அதனால் ஓடு ஒழுகினாலும் வீடு நின்றது. குறைந்த வாடகையில் தையற்காரரும் தட்டாரும் தள்ளுவண்டிக்காரரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்ற யாரும் போட்ட சட்டம் இல்லை இது, ஆனால் காப்பாற்றியது இதுதான்.

1997இல் இதை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்கால அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை ஏறத் தொடங்கியது. கட்ட முடியாதவர்கள் ஆயர் ஈத்தாம், கெலுகோர், கடல் தாண்டி பட்டர்வொர்த் என்று வெளியேறினார்கள். நகர நடுவில் பூட்டிய கதவுகள் வரிசையாக நின்றன. எட்டு ஆண்டு கழித்து யுனெஸ்கோ அங்கீகாரம், அதற்கு இரண்டு ஆண்டு கழித்து விழா. கலைஞர்கள் உள்ளே வந்தபோது குடியிருந்தவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். கலைதான் ஏழைகளைத் துரத்தியது என்று சிலர் எழுதுகிறார்கள். முதலில் துரத்தியது வாடகை. கலை அதற்கு அப்புறம் வந்து வேகத்தைக் கூட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடைவீடு என்ற கட்டடமும் மேடைக்கு ஏற்றது. முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். நடுவில் வானம் தெரியும் முற்றம். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தை மெலியவைத்து நீட்டிய மாதிரி இருக்கும். மழை நேராக உள்ளே விழும், வெளிச்சமும் அப்படியே. முற்றத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது நாற்காலி போட்டால் நடிகர் மூச்சுவிடுவது கூடக் கேட்கும். அதே காரணத்தால் வெளிச்சத்தமும் கேட்கும். மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் உருக்கமான காட்சியை வைப்பவர் இந்த ஊருக்குப் புதிது என்று அர்த்தம். அனுபவப்பட்டவர்கள் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு தொடங்குவார்கள், கோயில் பூஜை மணியையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

முன்வாசலில் 'காக்கி லீமா' எனப்படும் ஐந்தடி நடைபாதை இருக்கிறதே, அதுதான் ஊரிலேயே பழைய மேடை. லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசார் (லெபோ என்றால் மலாயில் தெரு) பக்கம், பூக்கட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஈரத் துணியில் சுற்றிய உதிரிப்பூ, முழங்கையளவு வாழைநார், வாயில் கடன் பாக்கிக் கணக்கு. விரல் தன்பாட்டுக்கு முடிச்சுப் போடும். ஆகஸ்டில் கழுத்தில் விழா அட்டை மாட்டியவர்கள் வந்து நின்று படம் எடுப்பார்கள். அம்மாவுக்குப் பூ வாங்கவும் வழி விடாமல் நிற்பதுதான் பிரச்சினை.

சுவரில் உரியும் சைக்கிள்

2012 விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் பழைய நகரத்தின் சுவர்களில் சில ஓவியங்கள் வரைந்தார். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ளதுதான் எல்லோர் கைபேசியிலும் இருப்பது. அக்கா சைக்கிள் மிதிக்க, தம்பி பின்னால் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறான். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம், சுவரோடு பொருத்தியது. பார்க்க வருபவர்கள் பின்னால் நின்று தள்ளுவது போல் பாவனை செய்வார்கள். விடுமுறை நாளில் இதற்கு வரிசையே நிற்கும்.

இங்கே இரண்டு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

முதலாவது, ஊரெங்கும் சுவரில் பொருத்தியிருக்கும் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள். அவை விழாவின் படைப்புகள் இல்லை. தெருக்களின் கதையைச் சொல்வதற்காக மாநில அரசு தனியாகச் செய்வித்த 52 சித்திரங்கள் அவை. அந்தந்தத் தெருவில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்பதை அவற்றிலேயே படிக்கலாம். ஓவியத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் இவற்றைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறுக்காது.

இரண்டாவது, ஓவியங்கள் ஏன் உரிகின்றன என்பது. மாநகர் மன்றம் கவனிப்பதில்லை என்று திட்டுகிறார்கள். பாதிக் காரணம் சுவருக்குள் இருக்கிறது:

1. பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. கடலை ஒட்டிய தாழ்ந்த நிலம் என்பதால் தரையின் ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.
2. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். கொத்தனார்கள் இதைச் 'சுவர் மூச்சுவிடுகிறது' என்பார்கள்.
3. இக்கால பெயிண்டோ சிமெண்டுப் பூச்சோ மேலே மூடினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உள்ளே இருக்கும் உப்பு படிகமாகித் தோலைத் தள்ளும். அதனால்தான் பல சுவர்களில் கீழ்ப்பகுதி முதலில் உரிகிறது.
4. அதன்மேல் வெயில், மழை, தினமும் தொட்டுப் பார்க்கும் கைகள்.

பாரம்பரியச் சுவரில் பெயிண்ட் அடிப்பது அந்தச் சுவருக்கே நல்லதில்லை. 2012க்குப் பிறகு கடைக்குக் கடை ஆள் பிடித்து ஓவியம் போடத் தொடங்கியபோது பாரம்பரியத் துறையினர் பதறியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது அந்தப் பகுதியில் நினைத்தபடி வரைய முடியாது, அனுமதி வேண்டும். பழைய ஓவியத்தை மீண்டும் தீட்டலாமா, மறையட்டும் என்று விடலாமா என்ற விவாதம் தனி. தெரு ஓவியம் மறையத்தான் செய்யும் என்பவர்கள் பக்கம் நான்.

காசு, கையெழுத்து

விழாவுக்கு முதுகெலும்பு மாநில அரசின் பணம். அதன் விளைவு இரண்டு. ஒன்று, அரசுப் பணம் என்பதால் யார் நடத்துவது என்பது ஒப்பந்த விஷயம். 2018 வரை ஜோ சிடேக் நடத்தினார், 2019 முதல் கை மாறியது. ஆள் மாறும்போது ரசனையும் மாறும். 'முன்ன மாதிரி இல்ல' என்ற புலம்பலின் மூலம் அங்கேதான்.

இன்னொன்று அனுமதிகள். இடத்துக்கு மாநகர் மன்றம், கூட்டத்துக்குக் காவல்துறை, வெளிநாட்டுக் கலைஞர் என்றால் புஸ்பால் எனப்படும் கூட்டரசுக் குழு. மாநில விழாவானாலும் சாவி ஒன்று கூட்டரசு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இருக்கிறது. 2018 விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து பாலின, பாலியல் சிறுபான்மையினருக்காகக் குரல் கொடுக்கும் இரண்டு பேரின் படங்கள், கூட்டரசு அமைச்சர் ஒருவர் சொன்னதன்பேரில் எடுக்கப்பட்டன. கண்காட்சி தொடர்ந்தது, அந்தப் படங்கள் இல்லாமல். அதைப் பார்த்த எந்த ஏற்பாட்டாளரும் அடுத்த முறை நிரல் போடும்போது அந்தக் காலி இடத்தை நினைக்காமல் இருக்க மாட்டார்.

சரி, தமிழர் எங்கே?

ஒவ்வொரு ஆண்டும் நிரல் வெளியானதும் நம்மவர்கள் கேட்பது இதுதான். பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடி, எண்ணிப் பார்த்து, முகம் சுளிப்போம். கேள்வி நியாயம்தான். ஆனால் கோபப்படுவதற்கு முன் சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், அந்தப் பகுதியில் நாம் இல்லாத தெரு குறைவு. சூலியா என்ற சொல்லே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்தது. அவர்கள் பெயரில்தான் லெபோ சூலியா, அதில்தான் நாகூர் தர்கா. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833. நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் லெபோ பினாங்கில்.

மேடைக் கலையிலும் நம் பங்கு உண்டு, பெயர்தான் வேறாகிவிட்டது. பினாங்கின் தனிக்கலை என்று எல்லோரும் சொல்லும் போரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படையின் சிப்பாய்களோடு வந்த முஹர்ரம் வழக்கத்திலிருந்து கிளைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. முன்னே ஒருவர் நாலு அடி பாடுவார், பின்னே வரிசையாக நிற்பவர்கள் திருப்பிப் பாடி ஆடுவார்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. பாடுவது மலாயில். இதை யார் கணக்கில் எழுதுவது? என்னைக் கேட்டால் எல்லார் கணக்கிலும்.

இப்போது முன்னே சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். கோலம், பூக்கட்டு, உறுமி மேளம் என்று நம்முடையவை பெரும்பாலும் 'பாரம்பரியம்' என்ற பெட்டிக்குள் போகின்றன, அதாவது ஜூலைக் கொண்டாட்டத்துக்கு. ஜார்ஜ்டவுன் விழாவின் பெட்டி வேறு. அங்கே ஒரு குழு உள்ளே போக வேண்டுமானால் வாசிக்கத் தெரிவது மட்டும் போதாது. புதிய படைப்பு என்ன, எத்தனை நிமிடம், எத்தனை பேர், எத்தனை மைக், ஒத்திகை எத்தனை நாள், வரவுசெலவு என்ன என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். உறுமி வாசிக்கும் பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக உட்கார்ந்து இந்தத் தாளை நிரப்பும் ஆள்தான் இல்லை. சீனக் குழுக்களுக்கும் மலாய்க் குழுக்களுக்கும் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருப்பதைப் பார்க்கிறோம். நம் சங்கங்களில் தலைவர், துணைத்தலைவர், ஆலோசகர் எல்லாம் உண்டு, இந்த ஒரு பதவி மட்டும் கிடையாது.

நாதஸ்வரத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டை. கோயில்களில் வாசிப்பவர்களில் பலர் தமிழகத்திலிருந்து கோயில் எடுத்துக் கொடுத்த பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தக் கோயிலுக்கு வாசிக்கத்தான் பெர்மிட். வெளி மேடையில் ஏற்றுவதற்கு வேறு தாள் வேண்டும்.

அச்சடிக்காத நாள்காட்டி

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு முடிச்சு மிஞ்சும். விழா வருவது ஜூலை, ஆகஸ்டு. நம் கணக்கில் அது ஆடி. அம்மன் கோயில்களுக்கு ஆண்டிலேயே நெருக்கடியான மாதம். ஆடி வெள்ளி, ஆடிப்பூரம், கூழ் ஊற்றுவது, சில கோயில்களில் தீமிதி. உறுமிக் குழு, கரகக்காரர், பூக்கட்டுபவர், சமையற்காரர் யாருக்கும் வார இறுதி மிச்சமிருக்காது. சீனர்களின் ஏழாம் மாதமும் பல ஆண்டுகளில் ஆகஸ்டைத் தொட்டுக்கொண்டு வரும். பேய்களுக்காகத் தெருவில் மேடை போட்டு ஓபரா நடத்தும் குழுக்களுக்கும் அப்போது கை ஓயாது. ஊரின் கலைஞர்கள் எல்லோரும் வேலையில் இருக்கும்போது ஊரின் கலைவிழா நடக்கிறது.

தைப்பூசத்தை எந்த விழாக் கையேடும் தன் நிரலில் போட்டுக்கொள்வதில்லை. நகரத்தாரின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து கிளம்புகிறது. 2017இல் வந்த தங்க ரதம் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து. இரண்டும் பாரம்பரியப் பகுதிக்குள் தொடங்கி, அதன் எல்லையைத் தாண்டி, வழியெல்லாம் உடைந்த தேங்காய்களின் மேல் உருண்டு முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகின்றன. டிக்கெட்டும் இல்லை, இயக்குநரும் இல்லை. மாநகர் மன்றத்தின் துப்புரவுப் பணியாளர்கள் மட்டும் பின்னாலேயே வருவார்கள்.

விழாவை ஒரு மாதம் தள்ளி ஆவணியில் வைத்தால் என்ன என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஆவணி பிறந்தால் கல்யாண முகூர்த்தம் தொடங்கிவிடும். அப்புறம் மேளக்காரரைப் பிடிக்க இன்னும் சிரமம்.